மண்ணுள் மறைந்ததை உணரும் கருவி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, சங்கச் செய்யுள் நயத்தையோ ஈழத்துப் புலவரொருவரின் வரலாற்றையோ எதிர்பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. தமிழாசிரியன் ஒருவன் உலோகமுணர் கருவியைப் பற்றி எழுதப் புகுந்தமை பழைய மாணவர்க்கு வியப்பாகவும், எம்முடன் பணியாற்றும் விஞ்ஞான ஆசிரியர்க்குச் சிறிது அத்துமீறலாகவும் தோன்றலாம். ஆயினும் இவ்வாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியது தமிழ்ப் பாடமே.

தொகைநிலைத் தொடர்களைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், 'ஊறுகாய்', 'சுடுசோறு' என்னும் பழகிய எடுத்துக்காட்டுகளை விடுத்து, புதிதாக ஒரு வினைத்தொகை கூறுமாறு மாணவரைக் கேட்டோம். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "மிதிவெடி, சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது; எமக்குச் சிரிப்பு வரவில்லை. மிதித்த வெடி, மிதிக்கின்ற வெடி, மிதிக்கும் வெடி என முக்காலத்துக்கும் விரித்துப் பார்த்தோம், இலக்கணம் பொருந்திற்று. மிதித்தலால் வெடிப்பது எனக் கொண்டு வேற்றுமைத் தொகையாக விரிப்பாருடன் ஈண்டு வழக்காட வரவில்லை. கண்ணிவெடி என்ற சொல், வேடன் பறவைக்கு வைக்கும் கண்ணியிலிருந்து பிறந்தது. அது வைத்தவன் செயலை நோக்கிய பெயர். மிதிவெடி என்பதோ அகப்பட்டவன் செயலை நோக்கிய பெயர். அகராதிக்காரர் எவரும் ஆக்கித் தராமல், நம் ஊர் மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட சொல் அது.

அப்போது முன்வரிசையில் இருந்த மாணவனொருவன், "அம்மா அதைத்தான் எடுக்கிறவ, சேர். முகமாலையில வேலை" என்றான். வகுப்பு அமைதியாயிற்று. பின்னர் வேறொருவன் கேட்டான்: "பிளாஸ்ரிக்கில செய்த வெடியை மெசின் எப்பிடிச் சேர் கண்டுபிடிக்கும்?" எமக்கு விடை தெரிந்திலது. நாளை கூறுவோம் என்றோம். அந்த நாளை வந்து சேரச் சில மாதங்களாயின. இக்கட்டுரை அவ்விடையே.

கண்டி வீதியாற் கொடிகாமம் கடந்து தெற்கே செல்வோர் எழுதுமட்டுவாளுக்கு அப்பால் முகமாலையை அடைவர். மேற்கே கிளாலிக் கடனீரேரி தொடக்கம் கிழக்கே நாகர்கோவிற் கடற்கரை வரை, குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கறுத்து, 2000 ஆம் ஆண்டின் பின்னர் இரு தரப்பினரின் முன்னரங்குகளும் எதிரெதிரே நின்ற இடம் அது. தென்னஞ் சோலைகளும் பனங்கூடல்களும் வயல்களும் இருந்த அந்நிலத்தில் இரு தரப்பினரும் மிதிவெடிகளைப் புதைத்தனர். பாகிஸ்தானில் ஆக்கப்பெற்ற பி4 என்னும் பிளாஸ்ரிக் உறை கொண்ட வெடிகளும், மரப்பெட்டியில் அடைக்கப்பட்ட 'ஜொனி' வெடிகளும் அங்கே அருகருகே கிடந்தன. 2009 இற் போர் முடிந்தது. வெடிக்கு அச்செய்தி தெரியாது. அது தன் வினைத்தொகையோடு காத்துக் கிடக்கும்.

மாணவனின் தாயாரைப் பெற்றோர் கூட்டமொன்றிற் கண்டு பேசினோம். விடியுமுன் வேலைத்தலத்துக்குப் புறப்படுபவர். அன்று விடுப்பெடுத்து வந்திருந்தார். கருவியைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன சொற்களை அப்படியே தருகின்றோம்: "மெசின் பொய் சொல்லாது, சேர். ஆனா இரும்பு கிடக்குது எண்டுதான் சொல்லும். வெடி எண்டு சொல்லாது." பின்னர் நாம் படித்தறிந்த யாவும் இவ்விரு வாக்கியங்களுக்கு எழுதிய உரை போன்றனவே.

கருவியின் அடிப்படை எளிது. கம்பிச் சுருளொன்றில் மின்னோட்டம் மாறும்போது அதைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலத்துள் உலோகமொன்று அகப்பட்டால், ஓடும் நீரிற் சுழி தோன்றுமாறு போல, அவ்வுலோகத்துள் சிறு மின்னோட்டங்கள் சுழித்து ஓடும். அச்சுழியோட்டங்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அவ்வெதிரொலியைச் சுருள் கேட்கும். நாம் செவிப்பொறியிற் கேட்போம். மின்காந்தத் தூண்டலை 1831 இற் பரடே கண்டார். அதனைக்கொண்டு உலோகத்தை உணரலாமென்பதை, ஹியூஸ் என்பார் 1879 இல் அமைத்த தூண்டற் சமநிலைக் கருவி புலப்படுத்திற்று.

இக்கருவி முதன்முதலிற் பெரும் பரீட்சைக்கு வந்த கதையை வகுப்பிற் கூறியபோது மாணவர் மூச்சடக்கிக் கேட்டனர். 1881 யூலை 2 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் வாஷிங்டன் புகைவண்டி நிலையத்திற் சுடப்பட்டார். உடலுள் தங்கிய சன்னம் எங்கே இருக்கின்றதென மருத்துவர்க்குத் தெரியவில்லை. ஊடுகதிர்ப் படம் பிறக்க இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியை ஆக்கிய கிரகம் பெல், தூண்டற் சமநிலையைத் தம் தொலைபேசியோடு இணைத்துக் கருவியொன்று அமைத்து வந்து நோயாளியின் உடலைத் தடவினார். கருவி எங்கும் முனகியது. சனாதிபதி படுத்திருந்த மெத்தையினுள் உருக்குக் கம்பிகள் இருந்தமை பின்னரே தெரியவந்தது. போதாமைக்கு, சன்னம் வலப்புறமே இருக்கின்றதென உறுதியாக நம்பிய தலைமை மருத்துவர், இடப்புறத்தைச் சோதிக்க இடந்தரவில்லை. சன்னம் இடப்புறத்தில் இருந்தது. செப்ரெம்பர் 19 இற் சனாதிபதி மறைந்தார்.

கருவி தவறவில்லை என்பதைக் காண்க. உலோகம் உண்டென்றது, உலோகம் இருந்தது. தேடிய உலோகமும் தேடாத உலோகமும் ஒரே குரலிற் பேசியதே இடர். இடம் மாறித் தேடவொட்டாமல் தடுத்த பிடிவாதத்தைக் கருவியின் கணக்கில் எழுதுதல் முறையன்று.

அடுத்த படி ஆக்கவுரிமையோடு தொடர்புடையது. யேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய கெர்காட் பிஷர், விமானங்கள் வானொலி அலையாற் திசையறியும் கருவிகளில் உழைத்தவர். தாதுப் பாறை நிறைந்த இடங்களில் அக்கருவி திசை பிழைப்பதை அவர் கண்டார். பிறர் பிழையென ஒதுக்கியதை அவர் செய்தியாகக் கொண்டார். அலையை உலோகம் குலைக்குமாயின், குலைவைக்கொண்டு உலோகத்தை அறியலாமன்றோ? 'மெற்றலஸ்கோப்' எனப் பெயரிட்ட அக்கருவிக்கு 1933 இல் விண்ணப்பித்து 1937 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

ஆக்கவுரிமை என்றதும் பூட்டுப் போட்ட பெட்டகமே பலர் மனத்தில் எழும். அது பாதி உண்மை. உரிமை கேட்பவர் தம் ஆக்கம் எவ்வாறு தொழிற்படுகின்றதென்பதை, அத்துறை வல்லார் செய்து பார்க்கும் அளவுக்கு, ஏட்டில் எழுதிப் பகிரங்கப்படுத்தல் வேண்டும். அதற்குக் கைம்மாறாகக் குறித்த காலம் வரை பிறர் அதைச் செய்து விற்காமற் தடுக்கும் உரிமையைப் பெறுவர். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதன்பின் அவ்வறிவு எல்லார்க்கும் பொது. குருவானவர் வித்தையை நெஞ்சிற் பூட்டி வைத்து அதனோடு மறைந்துபோகும் நம் பழைய வழக்கத்தினும் இது மேலானது என்பதே எமது எண்ணம். நாட்டு வைத்தியப் பரம்பரைகளிற் பிறந்த பழைய மாணவர் எம்மைப் பொறுத்தருள்வாராக.

ஆயினும், உரிமை நாடாமலே உலகுக்குப் பயன்பட்டதொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்கொத்லாந்திற் தங்கியிருந்த போலந்துப் படையினருள் ஒருவரான யோசெப் கொசாட்ஸ்கி, 1941-42 இல் ஒருவர் தனியே ஏந்திச் செல்லத்தக்க வெடியுணர் கருவியை அமைத்தார். அதில் இரு சுருள்கள். ஒன்று அதிர்வை எழுப்பும், மற்றையது கேட்டுச் செவிப்பொறிக்கு அனுப்பும். எடை ஏறக்குறைய 14 கிலோகிராம். அவர் அதற்கு ஆக்கவுரிமை பெறவில்லை; பிரித்தானியப் படைக்கு அப்படியே வழங்கினார். மன்னர் ஆறாம் ஜோர்ஜ் நன்றிக் கடிதம் அனுப்பினார். 1942 ஒக்ரோபரில் எல் அலமெயின் பாலைவனப் போருக்கு அத்தகைய 500 கருவிகள் சென்றன. அக்கருவியின் வழிவந்த வடிவம் 1995 வரை பிரித்தானியப் படையின் வழக்கில் இருந்தது.

போர்ப்படைக்கு வேண்டியது ஒரு பாதை. பாதையின் இருமருங்கும் எப்படிக் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஊர் மக்களுக்கோ முழுக் காணியும் வேண்டும். வேலியோரம், கிணற்றடி, தென்னம்பாத்தி, பிள்ளைகள் விளையாடும் வெளி என ஒரு சாணும் எஞ்சாமல் வேண்டும். இங்கே தான் கருவியின் உண்மையான பரீட்சை தொடங்குகின்றது. வினாத்தாள் வகுப்பவரோ மண்.

மண்ணும் பேசும். இரும்பின் ஒட்சைட்டுகள் செறிந்த மண்ணிற் சுருளைக் கொண்டுசென்றால், உலோகமே இல்லாத இடத்திலும் கருவி ஒலிக்கும். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பகுதிச் செம்மண்ணிற் பிறந்த எமக்கு இச்செய்தி சிறிது மனவருத்தம் தந்தது. ஆயினும் நிறத்தை மட்டும் கொண்டு மண்ணைக் குற்றஞ்சாட்டலாகாது. சிவப்பூட்டும் ஒட்சைட்டுக்குக் காந்த இயல்பு மெலிது. அதனோடு கலந்திருக்கும் நுண்ணிய வேறு ஒட்சைட்டுத் துணிக்கைகளே கருவியை மிகுதியும் ஏமாற்றுவன. அவை சுருளின் புலத்தால் காந்தமேறி, புலம் நின்ற பின்னும் உடனே அடங்காமல் மெல்ல மெல்ல அடங்கும். உலோகத்தின் சுழியோட்டமும் அவ்வாறே சிறிது பிந்தி அடங்குவது. எனவே இரண்டும் ஒன்றுபோற் கேட்கும்.

இதற்கு விடை கண்டவருள் அவுஸ்திரேலியரான புரூஸ் கண்டி முதன்மையானவர். அங்குள்ள செம்பாறை மண்ணிற் பொன் தேடுவோர் மண்ணின் கூச்சலால் அலுத்துப் போயிருந்தனர். மைன்லாப் நிறுவனத்தின் சார்பில் அவர் 1990-களிற் பெற்ற ஆக்கவுரிமைகள் இவ்விடரைத் தீர்க்கப் பிறந்தவை. சுருளில் மின்னைச் செலுத்திச் சட்டென நிறுத்தினால், நிறுத்திய கணத்தின் பின் வரும் எதிரொலியைக் கேட்கலாம்; இது முன்னரே அறிந்த முறை. கண்டி செய்த புதுமை, குறுந்துடிப்பும் நெடுந்துடிப்புமாக வெவ்வேறு நீளத்தில் மின்னைச் செலுத்தி, அவற்றின் எதிரொலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டமையே.

கணிதம் கற்கும் மாணவருக்காகச் சிறு கணக்கொன்று இடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நாமே கொண்டவை. குறுந்துடிப்புக்கு மண் தரும் எதிரொலி 10, நெடுந்துடிப்புக்கு 20 என்க. ஓர் உலோகம் தருவது முறையே 3, 9 என்க. இரண்டும் சேர்ந்து கருவிக்குக் கேட்பன 13, 29. மண் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் தருகின்றதாகலின், நெடுந்துடிப்பின் 29 இலிருந்து குறுந்துடிப்பின் இருமடங்கான 26 ஐக் கழிக்க, எஞ்சுவது 3. மண் மறைந்தது, உலோகம் நின்றது. திருவிழாக் கூட்டத்திற் தவிலொலிக்கு நடுவே தன் பிள்ளையின் அழுகையைத் தாய் பிரித்தறிகின்றாளே, அதனை எண்ணாற் செய்தால் இவ்வாறிருக்கும்.

இக்கழித்தலுக்கு ஒரு விலையுண்டு. உலோகத்தின் 9 இல் 6 பறிபோனதைக் கவனிக்க. மண்ணைப் போலவே ஒன்றுக்கு இரண்டாக ஒலிக்கும் உலோகத் துண்டொன்று இருக்குமாயின், மண்ணோடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும். பொன் தேடுவோனுக்கு அது சிறு நட்டம். மிதிவெடி தேடுவோர்க்கு அவ்வாறன்று. ஆதலாற்றான் ஒவ்வோர் இடத்திலும் அவ்விடத்து மண்ணிலேயே மாதிரித் துண்டைப் புதைத்து, இன்ன ஆழம் வரை கேட்கின்றதெனச் சோதித்தபின் வேலை தொடங்குகின்றனர். நாள்தோறும் காலையிற் கருவியைச் சோதித்த பின்னரே வரிசைக்குள் இறங்குவர் என அத்தாயாரும் சொன்னார்.

இனி மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். பிளாஸ்ரிக்கைக் கருவி உணராது, அதுவே நேர்விடை. உறை பிளாஸ்ரிக்காயினும், உள்ளே ஊசி, வில், வெடிப்பூட்டியின் உறை எனச் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகள் கிடக்கும். கருவி தேடுவது அவற்றையே. அவ்வளவு சிறிய துண்டு கேட்க வேண்டுமாயிற் செவியைக் கூர்மையாக்கல் வேண்டும். கூர்மையாக்கினால், எறிகணைச் சிதறல், சன்னக் கோது, முட்கம்பித் துண்டு, கூரை ஆணி, சோடாப் போத்தல் மூடி யாவும் ஒருங்கே கத்தத் தொடங்கும். ஆண்டுக்கணக்காக எறிகணை பொழிந்த முன்னரங்கில் இவற்றுக்குக் குறைவேது? ஒவ்வொன்றையும் மிதிவெடியென்றே கொண்டு அகழ்தல் வேண்டும். கருவி ஒலித்த இடத்துக்குச் சிறிது முன்பாகவே குந்தியிருந்து, மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் மண்ணைச் சிறுகச் சிறுக எடுத்துச் செல்வர். வெடியின் அமுக்கத் தட்டு மேற்புறத்தில் இருக்குமாதலின் விலாப்புறத்தைச் சந்திப்பதே அதன் நோக்கம். நூறாவது ஆணியை எடுக்கும்போதும் முதலாவதை எடுத்த அதே பொறுமை வேண்டும். எமது கட்டுரைத் தாள்களைத் திருத்துகையில் முப்பதாவது தாளிலேயே எமக்குப் பொறுமை போய்விடுகின்றது.

பொய்யழைப்பைக் குறைக்கப் பிறந்த அண்மைக்காலப் புதுமை, இரட்டையுணர் கருவி. உலோகமுணர் சுருளோடு நிலத்துள் ஊடுருவும் ராடாரையும் ஒரே கோலில் இணைப்பது அது. உலோகம் உண்டென ஒன்று கூற, அதைச் சுற்றி வெடியளவில் ஒரு பொருள் உண்டா என மற்றையது பார்க்கும். ஆணியாயிற் தனித்துக் கிடக்கும். மிதிவெடியாயின் உடம்போடு கிடக்கும். யப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் மொத்தோயுகி சாற்றோ ஆக்கிய 'அலிஸ்' என்னும் கருவி, நிலத்துள்ளிருப்பதைப் படமாகவே காட்டுவது. கம்போடியாவில் வெடி வயல்களிற் சோதிக்கப்பட்டது. ஆயின் ஈரமண் ராடார் அலையை விழுங்கிவிடும். ஐப்பசி கார்த்திகை மாரியில் நம் நிலம் எப்படிக் கிடக்குமென்பதைக் குடாநாட்டார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

உலோகத்தைப் பொருட்படுத்தாமல் வெடிமருந்தின் மணத்தையே நாடும் வழியும் உண்டு. நாய்களையும், ஆபிரிக்காவிற் பேரெலிகளையும் அதற்குப் பழக்கியுள்ளனர். நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்காரவும் அவருடன் உழைத்தோரும், கீரியொன்றைச் சிறு இயந்திரத்தோடு பிணைத்து வெடி தேடப் பழக்கிப் பார்த்தனர். பாம்புப் பகை தீர்க்கும் கீரிக்கு இப்படியொரு பணி வருமென நம் கதைகள் எதிர்பார்க்கவில்லை.

இவ்வளவும் படித்து வந்த நாம் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் வட இலங்கையில் வெடியகற்றியோர், இலேசான மணற்பாங்கான நிலங்களில் மிகுதியாகக் கையாண்ட கருவிகளுள் ஒன்று விறாண்டி! ஆம், வளவு கூட்டிக் குப்பை வாரும் அதே வகை முள்வாரி; கைப்பிடி நீண்டது. கனத்த விறாண்டியால் இறுகிய மண்ணை இளக்கி, இலேசான விறாண்டியால் மண்ணை மெல்லத் தம்பக்கம் இழுத்துக்கொண்டு, குறித்த ஆழம் வரை நிலம் முழுவதையும் வாரிப் பார்ப்பர். ஆணியும் சிதறலும் நிறைந்து கருவி ஓயாது கத்தும் இடத்தில், கருவியை ஒருபுறம் வைத்துவிட்டு மண்ணையே முழுதும் புரட்டுவது விரைவாயிற்று. பிளாஸ்ரிக்கோ மரமோ, விறாண்டிக்கு எல்லாம் ஒன்றே. பல ஆண்டு உழைப்பிற் பிறந்த ஆக்கவுரிமைகளின் முன் இப்பற்கோலை வைத்தால் நகைப்புத் தோன்றலாம், எமக்குத் தோன்றவில்லை. இன்ன மண்ணுக்கு இன்ன கருவி எனத் தெரிந்துகொண்டதும் புத்தாக்கமே. எனினும் விறாண்டி இறுகிய நிலத்திற் செல்லாது. வேர் மண்டிய இடத்திற் செல்லாது. ஆங்கே மறுபடியும் சுருளைத்தான் நாட வேண்டும்.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 திசெம்பரில் இணைந்தது; 2018 யூன் 1 முதல் அது நம் நாட்டைக் கட்டுப்படுத்துகின்றது. உடன்படிக்கை வகுத்த பத்தாண்டுத் தவணை 2028 யூனில் முடியும். பல்கலைக்கழகம் புகவிருக்கும் எம் மாணவர் இத்தவணையை நாட்காட்டியிற் குறித்துவைத்து, மண்ணின் குரலையும் வெடியின் குரலையும் பிரிக்கும் கணக்கில் இன்னும் தீராதது எது என்பதைத் தம் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்பாராக. எம்மிடம் கேட்டால் வினைத்தொகை வரைதான் சொல்ல முடியும்.

அத்தாயாரிடம் விடைபெறுமுன், ஒரு நாளிற் கருவி ஒலித்து அகழ்ந்தெடுத்தவை எவையென வினவினோம். அவர் விரல்விட்டு எண்ணினார். முந்திய நாள் காலை தொடக்கம் பின்னேரம் வரை வந்தவை: சன்னக் கோதுகள் பல, எறிகணைச் சிதறல்கள், கதவுப் பிணைச்சல் ஒன்று, துலாக் கயிற்றின் இரும்புக் கொழுக்கி ஒன்று, பித்தளை மூக்குப்பேணியின் மூக்கு ஒன்று. வெடி அன்று ஒன்றும் வரவில்லை. அந்த மூக்கை மட்டும் மேற்பார்வையாளரிடம் காட்டிக் கழுவி ஒரு பக்கமாக வைத்திருக்கின்றாராம். காணிக்காரர் திரும்பி வந்தால் அடையாளம் காண்பார்கள் என்றார்.